பாடத் தெரிவும் பெற்றோர் கடமையும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியானதும், தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் தாழ்வாரங்களில் ஒரேவிதமான காட்சியைக் காணலாம். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் தகப்பனார் ஒருவர் மதிப்பெண் தாளைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் மகனோ மகளோ நின்றுகொண்டிருப்பது வழக்கம். உள்ளே அழைக்கப்பட்ட பின் நிகழும் சம்பாஷணை ஐந்து நிமிஷங்களில் முடிந்துவிடும். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்கப்படும். அந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பிரிவு கிடைக்கும் என்று சொல்லப்படும். இன்னும் சற்று மேலான பிரிவு வேண்டுமென்று தகப்பனார் மன்றாடுவார். கடைசியில் ஏதோ ஒன்றில் கையெழுத்தாகும். அந்த ஐந்து நிமிஷமும் வாய் திறவாதவர் ஒருவர் அங்கே உண்டு. அடுத்த இரண்டு வருஷ காலம் அந்தப் பாடங்களைப் படிக்கப்போகிறவரே அவர்.

உழவு மாடு வாங்குகிறவன் நாலு சந்தை சுற்றுகிறான், பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஒரு பாடப்பிரிவு தேடும்போது மட்டும் நம்மவர்கள் அண்டைவீட்டுக்காரர் சொல்லையும் மதிப்பெண் தாளையும் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. பள்ளிப் படிப்பின் கடைசிப் படியில் என்ன பாடம் எடுப்பது என்ற இந்த விஷயம், வீட்டுக்கு வீடு தனித்தனியே தீர்மானிக்கப்படுகிற சிறு காரியம் போலத் தோன்றினும், லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாதத்தில் தீர்மானிக்கப்படுவதால், இது நாட்டின் காரியமே ஆகும். ஆகவே இதைப் பற்றிச் சில வார்த்தைகள் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

பிரிவுகள் பிறந்த கதை

பாடங்களைப் பிரிவு பிரிவாக வகுத்து, மாணாக்கரை ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொல்லும் ஏற்பாடு என்றைக்கும் இருந்ததன்று. 1857ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்ட பின்னர் வெகு காலம் வரையில், எல்லோரும் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்பதே பொதுவான விதி. அந்த விதியின் கொடுமையை அனுபவித்தவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் ஸ்ரீநிவாச ராமாநுஜன். 1904இல் கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்குப் பரிசு பெற்றவர் அவர். அவ்வூர் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்தமையால் மற்றப் பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளம் போயிற்று. பின்னர் 1906இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும், எப்.ஏ. பரீட்சையில் அவரால் தேற இயலவில்லை. உடற்கூற்றுப் பாடம் ஏறாத காரணத்தால் கணித மேதை ஒருவருக்குப் பட்டத்தின் வாசல் அடைபட்டது. 1912இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலையில் அமர்ந்தார். அதற்கு ஏறத்தாழ ஆறு வருஷங்களுக்குப் பின், 1918இல், லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் அங்கத்தினராக்கிக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே அச்சு என்ற ஏற்பாடு எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சுதந்திரம் வந்த பின் இந்தப் பிழையைத் திருத்த முயன்றவர்களில் முதன்மையானவர் நம் சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1952இல் மத்திய சர்க்கார் நியமித்த உயர்நிலைக் கல்விக் கமிஷனுக்கு அவரே தலைவர். மானிட சாஸ்திரங்கள், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளை அந்தக் கமிஷன் வகுத்துக் கொடுத்தது. பிள்ளைகளின் சுபாவமும் நாட்டமும் பலவிதம். ஆகையால் பள்ளியின் பாதைகளும் பலவாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஏழும் சமமான ஏழு வாசல்கள். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கமிஷன் சொல்லவில்லை.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், பத்து வருஷம் பொதுக் கல்வி, அதன் பிறகே பாகுபாடு என்று வரையறுத்தது. அதை ஒட்டித் தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி ஆரம்பமாயிற்று. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும், கலாசாலைகளில் நடந்துவந்த புகுமுக வகுப்பும் மறைந்தன. பத்தாம் வகுப்பின் முடிவில் ஒரு பரீட்சை, அதன் மேல் இரண்டு வருஷம் மேல்நிலை வகுப்பு என்ற ஏற்பாடு வந்தது. முன்பு கலாசாலை வாயிலில் நின்று செய்ய வேண்டியிருந்த தெரிவு, பதினைந்து வயதில் பள்ளித் தாழ்வாரத்தில் செய்ய வேண்டியதாயிற்று.

பாடங்களிலும் வருணாசிரமம்

இன்றைய மேல்நிலை வகுப்பில் மொழிப்பாடம், ஆங்கிலம், அவற்றோடு பிரிவுக்குரிய நான்கு பாடங்கள் என ஆறு பாடங்கள். பாடத்துக்கு நூறாக மொத்தம் அறுநூறு மதிப்பெண். இன்று இயற்பியல் என்றும் வேதியியல் என்றும் வழங்கும் பௌதிகமும் ரசாயனமும், கணிதம், உயிரியல் ஆகியவற்றோடு சேர்ந்தால் அதற்கு ஜனங்கள் இட்டிருக்கும் பெயர் ‘பஸ்ட் குரூப்’. உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வருவது ஒன்று. கணிதம் இன்றித் தாவரவியலும் விலங்கியலும் வருவது ஒன்று. வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளாதாரம் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாடோ வணிகக் கணிதமோ சேர்வது மற்றொன்று. சரித்திரமும் அரசியல் அறிவியலும் படிக்கும் பிரிவும் உண்டு. இயந்திரவியல், மின்னியல், வேளாண் அறிவியல், செவிலியம் முதலிய தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு.

இவ்வளவு பிரிவுகள் இருந்தும், ஜனங்கள் மனத்தில் இவை வாசல்களாக இல்லை; படிக்கட்டுகளாக இருக்கின்றன. உச்சிப்படியில் ‘பஸ்ட் குரூப்’. அதற்குக் கீழே வணிகவியல். அதற்கும் கீழே சரித்திரம். எல்லாவற்றுக்கும் அடியில் தொழிற்கல்வி. மேற்படியில் இடம் கிடைக்காதவன் அடுத்த படிக்கு இறக்கப்படுகிறான். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடைதோறும் முழங்குகிற நாம், பாடங்களுக்குள்ளே ஒரு வருணாசிரமத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். மரத்தையும் இரும்பையும் கையாளும் படிப்பு அடித்தட்டில் கிடப்பது தற்செயலன்று. கையால் உழைப்பவனை இழிவாக நோக்கும் பழைய நோயே பள்ளிக்கூடத்துக்குள் புதிய உடுப்பு உடுத்துக்கொண்டு நுழைந்திருக்கிறது.

இதனால் விளையும் தீங்கு இருவகை. சரித்திரத்தில் தணியாத ஆவலுள்ள ஒரு பெண் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள் என்ற குற்றத்துக்காகவே கணிதப் பிரிவில் தள்ளப்படுகிறாள். “இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு சரித்திரமா?” என்று வீட்டார் கேட்கிறார்கள். மற்றொரு பக்கம், பௌதிகத்தில் உண்மையான பற்றுள்ள ஒரு பையன், சமூக விஞ்ஞானத்தில் குறைந்த மதிப்பெண் காரணமாக மொத்தம் சரிந்து, விரும்பாத பிரிவில் இறக்கப்படுகிறான். மொத்த மதிப்பெண் ஒரு பிள்ளையின் உழைப்பை ஒருவாறு காட்டலாம். அதன் நாட்டத்தை ஒருக்காலும் காட்டாது. ராமாநுஜனை விழுத்தியதும் மொத்தத்தைப் பார்க்கும் இந்தக் கண்தானே?

அடைபடும் வாசல்களும் அடைபடாதவையும்

நிற்க. நாட்டம் ஒன்றையே பார்த்துவிட்டு உலக நடைமுறையைப் பாராதிருப்பதும் விவேகமாகாது. ஒரு பிரிவைத் தெரிந்துகொள்ளும்போது எந்த வாசல் அடைபடுகிறது, எது திறந்தபடியே இருக்கிறது என்பதைப் பெற்றோர் திட்டமாக அறிந்திருக்க வேண்டும். இவ்விஷயத்தில் நிலவும் அறியாமையே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

பொறியியலுக்குக் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகிய மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007 முதல் கைவிடப்பட்டுவிட்டது. மேல்நிலைப் பரீட்சையில் கணிதத்துக்கு நூறு, பௌதிகத்துக்கு ஐம்பது, ரசாயனத்துக்கு ஐம்பது என இருநூறுக்குக் கணக்கிட்டே தரவரிசை அமைகிறது. உயிரியலுக்கு இங்கே வேலையில்லை. மருத்துவத்துக்கோ பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகியவை போதும், கணிதம் கட்டாயமன்று. 2017 முதல் தமிழ்நாட்டிலும் மருத்துவச் சேர்க்கை நீட் பரீட்சையைக் கொண்டே நடந்துவருகிறது. அதன் 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 உயிரியலுக்கு உரியது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த ‘பஸ்ட் குரூப்’ இரண்டு வாசல்களையும் திறந்து வைக்கிறது என்பது உண்மையே. ஆனால் இரண்டு வாசலிலும் ஒருவன் ஒரே சமயத்தில் நுழைய முடியாது. எதில் நுழைவதென்று இன்னும் தெளியாத பிள்ளைக்கு, அதுவும் நான்கு பாரமான பாடங்களையும் தாங்கக்கூடிய பிள்ளைக்கு, அப்பிரிவு தக்கது. மருத்துவமே வேண்டுமென்று நிச்சயித்துவிட்ட, கணிதத்தைக் கண்டாலே நடுங்குகிற பெண்ணுக்கு அது வீண் சுமை. தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவே அவளுக்கு நேர்வழி. அப்படியிருந்தும், கௌரவம் கருதி அவள் தலையில் கணிதத்தை ஏற்றுகிற வீடுகள் எத்தனையோ உண்டு.

கட்டடக் கலைப் பட்டப் படிப்புக்குக் கணிதம் வேண்டும். செவிலியப் பட்டத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் உயிரியல் சார்ந்த பாடங்கள் வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாதமியில் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பௌதிகமும் ரசாயனமும் கணிதமும் கேட்கிறார்கள். தரைப்படைக்கு எந்தப் பிரிவாயினும் போதும். 2022 முதல் பெண்களும் அந்த அகாதமியில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள் என்பதையும் பெண்ணைப் பெற்றோர் நினைவில் வைப்பது நலம். பொருளாதாரத்தை உயர்ந்த முறையில் கற்க விரும்புகிறவர்களுக்குக் கணிதம் பெருந்துணை. டில்லிச் சர்வகலாசாலை போன்ற இடங்களில் அது நிபந்தனையாகவே இருக்கிறது. ஆகவே, கலைப் பிரிவுக்கோ வணிகப் பிரிவுக்கோ போகிற பிள்ளைக்குக் கணிதத்தில் ஓரளவேனும் பற்று இருக்குமாயின், வணிகக் கணிதத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி, அடைபடாத வாசல்களைப் பார்ப்போம். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்தப் பிரிவினரும் போகலாம். சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் தொழிலின் முதற்படிப் பரீட்சையை மேல்நிலையில் எந்தப் பிரிவில் தேறினவரும் எழுதலாம். வணிகவியல் படித்தவருக்கு அது பழகிய பாதை என்பது மட்டுமே வித்தியாசம். கலெக்டர் பதவிக்கு வழிவகுக்கும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு வேண்டுவது அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டம். அது எந்தப் பாடத்தில் பெற்றதென்று அங்கே யாரும் கேட்பதில்லை. பார்க்கப்போனால், தாழ்ந்த படியில் வைக்கப்பட்ட சரித்திரமும் அரசியல் அறிவியலும் பொருளாதாரமுமே அந்தப் பரீட்சைக்கு முதுகெலும்பு. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவருக்கும் பொறியியல் சேர்க்கையில் தனி இடங்கள் உண்டு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்து மூன்று வருஷத்தில் டிப்ளமா பெற்றவர், பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பாத்தியம் தேவைப்படுகிற வீடுகளில் இது ஆலோசிக்கத்தக்க மார்க்கம். வேலையும் கிடைக்கும், மேற்படிப்பின் கதவும் மூடாது.

அவசரத்தில் கைவிடும் உரிமைகள்

பாடப்பிரிவோடு பள்ளிக்கூடத்தையும் மாற்றிவிடுகிற வழக்கம் இக்காலத்தில் பெருகியிருக்கிறது. அரசாங்கப் பள்ளியில் பத்தாவது வரை படித்த பிள்ளையை, கடன் வாங்கியேனும் தூர தேசத்துத் தனியார் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ஆங்கில வழியில் படிப்பு நடக்கும் என்பது இன்னொரு கவர்ச்சி. இவ்வாறு செய்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு செய்கிறார்களா என்று நாம் சந்தேகிக்கிறோம்.

முதலாவது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்து நீட் பரீட்சையில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை வீதம் இடங்களை ஒதுக்கி, 2020இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2021இல் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இத்தகைய சலுகை விஸ்தரிக்கப்பட்டது. கடைசி இரண்டு வருஷத்தில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளை, ஐந்து வருஷம் உழைத்துச் சேர்த்த இந்த உரிமையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிறது.

இரண்டாவது: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு இருபது இடங்களை ஒதுக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அந்த உத்தியோகத்துக்கு விதிக்கப்பட்ட படிப்பு முடிய எல்லாப் படிகளிலும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஆகவே நடுவில் வழி மாறிய மாணாக்கர், மேல்நிலைப் படிப்பையோ பட்டத்தையோ தகுதியாகக் கேட்கும் உத்தியோகங்களில் இச்சலுகையைப் பெற இயலாது. பள்ளியையும் போதனா மொழியையும் மாற்றவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கொடுக்கும் விலை இன்னதென்று அறிந்தே கொடுக்கட்டும் என்கிறோம்.

களவு போகும் ஒரு வருஷம்

மேல்நிலைக் கல்வி இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் மதிப்பெண் ஒன்றே கண்ணாகக் கொண்ட பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவுக்குப் புரட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தன. இந்த அக்கிரமத்தைத் தடுக்கவே 2017-18ஆம் கல்வி ஆண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை கொண்டுவரப்பட்டது. பிள்ளைகள் தொடர்ந்து மூன்று வருஷம் பொதுப் பரீட்சைகளின் பாரத்தைச் சுமக்க நேரிட்டதை முன்னிட்டு, 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தப் பரீட்சை நீக்கப்பட்டது. பாரம் குறைந்தது நல்லதே. பழைய அக்கிரமம் திரும்பவும் தலைதூக்காமல் காப்பது இனிப் பெற்றோரின் கையிலும் கல்வி இலாகாவின் கையிலும் இருக்கிறது.

பதினோராம் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். பொருள்களின் இயக்கத்தையும் விசையையும் பற்றிய பௌதிகத்தின் அஸ்திவாரம் அந்த வகுப்பில்தான் போடப்படுகிறது. ரசாயனத்தில் மோல் கணக்கும், கணிதத்தில் திரிகோணமிதியும், நுண்கணிதத்தின் ஆரம்பமும் அங்கேதான் வருகின்றன. கணக்குப் பதிவியலில் இரட்டைப் பதிவு முறை என்ற ஆணிவேரும் அங்கேயே இருக்கிறது. நீட் பரீட்சையும் பொறியியலுக்கான அகில இந்தியப் பரீட்சையும் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேட்கின்றன. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டியவனுக்குக் கலாசாலையின் முதல் வருஷத்திலேயே வீடு சரிந்துவிடும். ஆகவே, ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ளும்போது, சென்ற ஆண்டில் எத்தனை பேர் அறுநூறுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்பதோடு, பதினோராம் வகுப்புப் பாடம் முழுவதும் நடத்தப்படுகிறதா, ஆய்வுக்கூடத்தின் பூட்டு வருஷத்தில் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்றும் கேட்பது தகப்பனாரின் உரிமை.

யார் தெரிந்துகொள்வது?

இப்போது மூலக் கேள்விக்கு வருகிறோம். தெரிந்துகொள்ள வேண்டியவர் யார்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உலகம் தெரியாது என்பார்கள். மெய்தான். ஆயினும், அதற்குத் தன்னைத் தெரியும். அது பெற்றோருக்குத் தெரியாது. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரோடு சேர்த்துப் பார்ப்பதற்கே வீடு என்று ஒன்று இருக்கிறது.

வான சாஸ்திர நிபுணர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் இளமைக்கால வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சென்னை மாநிலக் கலாசாலையில் பட்டப் படிப்புக்குப் பாடம் தெரிந்துகொள்ளும் தருணத்தில், ராமாநுஜன் அடிச்சுவட்டில் கணிதம் படிக்கவேண்டும் என்பது அவர் அவா. மகன் பௌதிகம் படித்து ஐ.சி.எஸ். பரீட்சை எழுத வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகன் பௌதிகத்தில் சேர்ந்தார். ஆனால் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்து கேட்டார். ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்கு அவர் போகவில்லை. நட்சத்திரங்களின் கதியைக் கணிதத்தால் அளந்து, 1983இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார். தந்தையார் சொன்னபடி பௌதிகம் எடுத்தது கெடுதலாக முடியவில்லை. கணித வகுப்பில் போய் உட்காராதபடி ஒருவரும் அவரைத் தடுத்திருக்கவில்லை என்பதே இதில் முக்கியம். வழி காட்டுவது பெற்றோரின் கடமை. வேலி போடுவது அன்று.

ஆகவே, பள்ளித் தாழ்வாரத்துக்குப் போவதற்கு முந்தின நாள் இரவில், சாப்பாடு முடிந்த பிறகு, தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணட்டும். சொல்லாமலே எந்தப் பாடப் புத்தகத்தை இந்தப் பிள்ளை எடுத்துப் படித்தது? போக நினைக்கும் இடத்துக்கு எந்தப் பாடம் கட்டாயம் வேண்டும்? அந்தப் பாடத்தைக் கற்பிக்க நாம் சேர்க்கப்போகும் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா? இம்மூன்றுக்கும் பொருந்தி வருகிற பிரிவே உயர்ந்த பிரிவு. அது சரித்திரமாயினும் சரி, தச்சுவேலைக்கும் மின்வேலைக்கும் பக்கத்தில் இருக்கிற தொழிற்கல்வியாயினும் சரி. சேர்ந்த சில வாரங்களில் பிள்ளை வந்து, ‘இது எனக்கு ஏறவில்லை’ என்று சொன்னால், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அஞ்சாமல் தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். தாமதமாகத் திருத்தப்படும் பிழை இரண்டு வருஷத்தை விழுங்கிவிடும்.

அரசாங்கத்தின் பங்கு

பெற்றோருக்கு இவ்வளவு உபதேசம் செய்துவிட்டு அரசாங்கத்தை நாம் மறந்துவிட முடியாது. கிராமப்புறத்தில் ஒரு பெண் கணினி அறிவியலை விரும்பலாம், சரித்திரத்தை விரும்பலாம். அவள் ஊர்ப் பள்ளியில் இருப்பது இரண்டே பிரிவுகள். மூன்றாவது பிரிவு வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். மாலையில் இருட்டும் முன் பெண் திரும்ப மாட்டாளே என்று வீட்டார் அஞ்சுகிறார்கள்; இருக்கிற பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். அவளுக்குத் தெரிவு என்பது வெறும் வார்த்தை. பாடத்துக்கு ஒரு முதுகலை ஆசிரியரும், விஞ்ஞானத்துக்கு ஓர் ஆய்வுக்கூடமும் இல்லாத இடத்தில், பிள்ளைகளின் நாட்டத்தைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் ருசியைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே சுவர் வேண்டாம் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. சுவரை இடிப்பதற்கு முன், உள்ளே நுழைய ஒரு வாசலையாவது கிராமத்துப் பள்ளியில் வைக்க வேண்டாமா?

அருகருகே உள்ள மூன்று நான்கு மேல்நிலைப் பள்ளிகளுக்கிடையே பிரிவுகளைப் பங்கிட்டு அமைத்து, எந்தப் பிள்ளைக்கும் எல்லாப் பிரிவுகளும் ஒரே பஸ் பிரயாணத்தில் எட்டுமாறு செய்ய வேண்டும். பள்ளி விடும் நேரத்துக்கு அந்தப் பஸ் ஓட வேண்டும். மொத்த மதிப்பெண்ணை வரிசையாக வைத்துப் பிரிவு கொடுக்கும் வழக்கத்தை விட்டு, மாணாக்கர் விரும்பும் பாடத்தில் அவர் காட்டியிருக்கும் தேர்ச்சியை முதன்மையாகக் கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாப் பிரிவுகளைப் பற்றியும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆசிரியர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இவை பெருஞ் செலவுள்ள காரியங்கள் அல்ல. சிரத்தை வேண்டிய காரியங்கள்.

அந்நியர் ஆட்சியில் நம் பள்ளிக்கூடங்கள் குமாஸ்தாக்களை வார்க்கும் அச்சுக்கூடங்களாக இருந்தன என்று ஒரு தலைமுறை குமுறியது. அச்சுகளின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து நாலாகவோ ஐந்தாகவோ பெருக்கிவிட்டால் அந்தக் குறை தீர்ந்ததாகாது. தன் படிப்பைத் தானே அறிந்து தெரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான் அது சுதந்திரக் கல்வி. அடுத்த மே மாதத்தில் தலைமையாசிரியர் அறைக்குள் தகப்பனார் நுழையும்போது, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பாக, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “நீ என்ன படிக்க விரும்புகிறாய், அம்மா?” என்று ஒரு குரல் கேட்கட்டும். அந்தக் குரல் தலைமையாசிரியருடையதாக இருந்தாலும் சரி, தகப்பனாருடையதாக இருந்தாலும் சரி. பதிலைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை அதில் இருந்தால் போதும்.